மருத்துவக் காப்பீடும் வரித் தண்டமும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஓர் ஆய்வு

2015-ம் ஆண்டின் தொடக்கத்தில், முந்திய ஆண்டு வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்ய அமர்ந்த அமெரிக்கர்கள், தாங்கள் வழக்கமாக நிரப்பும் 1040 எண்ணுள்ள படிவத்தின் 61-வது வரியில் புதிய கேள்வி ஒன்றைக் கண்டனர். ஆண்டு முழுவதும் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் மருத்துவக் காப்பீடு இருந்ததா என்பதே அக்கேள்வி. இருந்தது என்றால் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டுவிட்டு மேலே செல்லலாம். இல்லையென்றால், விலக்குப் பெறத் தக்க காரணத்தைக் காட்ட வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், ஒரு தொகையைக் கணக்கிட்டு வருமான வரியோடு சேர்த்துக் கட்டவேண்டும்.

ஈட்டியதற்கும், விற்றதற்கும், வாங்கியதற்கும் வரி செலுத்திப் பழகிய மக்களுக்கு, ஒன்றை வாங்காமல் இருந்ததற்கு வரி என்பது விந்தையாகவே தோன்றிற்று. இத்தண்டம் 2014 முதல் 2018 வரை ஐந்து ஆண்டுகளே நடைமுறையில் இருந்தது. 2019-ம் ஆண்டு முதல் அதன் அளவு பூஜ்யமாக்கப்பட்டுவிட்டது. ஒரு சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு இயற்றப்பட்டு, வழக்காடப்பட்டு, அளந்து பார்க்கப்பட்டு, கைவிடவும் பட்டதை ஒரே தலைமுறையினர் காணும் வாய்ப்பு அரிது. கோடிக்கணக்கான குடும்பங்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முயன்று வரும் நம் நாட்டுக்கு இவ்வனுபவம் ஆராயத் தக்கது.

தண்டம் எதன் பொருட்டு?

காப்பீடு என்பது பலர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தைச் சிலருடைய துன்பத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது. வலுவுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டு, தளர்ந்தவர்கள் மட்டும் வடம் பிடித்தால் தேர் நகராது. நோயற்ற இளைஞர்கள் விலகி நிற்க, நோயாளிகளும் முதியவர்களும் மட்டுமே காப்பீட்டில் சேர்ந்தால் செலவு கூடும். செலவு கூடினால் பிரீமியம் உயரும். பிரீமியம் உயர்ந்தால் ஓரளவு நலமாயிருப்பவர்களும் வெளியேறுவர். எஞ்சியவர்களின் சுமை மேலும் ஏறும்.

இதை அறிந்தே காப்பீட்டுக் கம்பெனிகள் நெடுங்காலமாகத் தற்காத்துக்கொண்டு வந்தன. நீரிழிவு உள்ளவரையும் புற்றுநோய் கண்டு குணமானவரையும் சேர்க்க மறுத்தன, அல்லது எட்டாத விலை கூறின. இக்கொடுமையை நீக்க வேண்டுமாயின், எவரையும் நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, நோயாளியிடம் கூடுதல் பிரீமியம் வாங்கவும் கூடாது என்று சட்டம் செய்யவேண்டும். ஆனால் அவ்வாறு சட்டம் செய்த மறுகணமே, நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருப்பது அறிவுடைய செயலாகிவிடுகிறது. வீடு பற்றி எரியும்போது தீக் காப்பீடு வாங்க அனுமதிப்பதற்கு ஒப்பானது இது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1993-ம் ஆண்டில், எவரையும் மறுக்கக் கூடாது என்ற விதியையும், அனைவரும் காப்பீடு பெற்றாக வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே இயற்றிற்று. இரண்டு ஆண்டுகளில் பின்னதை நீக்கிவிட்டு, முன்னதை வைத்துக்கொண்டது. 1999-ம் ஆண்டு வாக்கில் அம்மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தனி நபர் ஒருவர் விலை கொடுத்தும் புதிய காப்பீடு வாங்க இயலாத நிலை ஏற்பட்டது. கம்பெனிகள் விற்பதையே நிறுத்திவிட்டன.

மற்றொரு காரணமும் உண்டு. அவசர நிலையில் வரும் நோயாளியை, அவரால் பணம் தர இயலுமா என்று பாராமல் மருத்துவமனைகள் கவனித்தாக வேண்டும் என்று 1986-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் அங்கே கட்டளையிடுகிறது. ஆகவே காப்பீடு இல்லாதவருடைய செலவு மறைந்துவிடுவதில்லை. அது மருத்துவமனையின் கட்டணத்திலும், அதன் வழியே மற்றவர்களின் பிரீமியத்திலும், அரசின் மானியத்திலும் போய் ஏறுகிறது.

எனவே ஒவ்வொருவரும் காப்பீடு பெறுவது கடமை என்ற கருத்து வலுத்தது. பிற்காலத்தில் இக்கருத்தைக் கடுமையாக எதிர்த்தவர்கள் பழமைவாதிகளே. ஆயினும் 1989-ம் ஆண்டில் இதனை முன்வைத்து எழுதியது ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு நிறுவனம் என்பது சுவையான செய்தி. மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2006-ம் ஆண்டில் இதைச் சட்டமாக்கிக் கையொப்பமிட்டவரும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கவர்னர் மிட் ராம்னியே. அம்மாநிலத்தில் முதல் ஆண்டுக்குரிய தண்டம், ஒருவருக்கு அனுமதிக்கப்படும் வரிச் சலுகையை இழப்பது. பண அளவில் 219 டாலர். அடுத்த ஆண்டு முதல் அது பிரீமியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டது.

கணக்கிடப்பட்ட முறை

2010 மார்ச் 23-ம் தேதி ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட மருத்துவச் சீர்திருத்தச் சட்டம், மாசாசூசெட்ஸ் முறையை நாடு முழுவதற்கும் விரிவாக்கிற்று. நோயைக் காரணமாக வைத்து மறுத்தலும் விலை ஏற்றலும் தடை செய்யப்பட்டன. வறியவர்களுக்கான மெடிக்கெய்ட் என்ற மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்கவும், நடுத்தர வருமானத்தினருக்குப் பிரீமியத்தில் வரி மானியம் அளிக்கவும் வகை செய்யப்பட்டது. இவற்றோடு 2014 ஜனவரி முதல் தண்டமும் நடைமுறைக்கு வந்தது.

தண்டம் இரு வழிகளில் கணக்கிடப்பட்டது; அவற்றுள் எது அதிகமோ அதைச் செலுத்தவேண்டும். 2014-ம் ஆண்டுக்கு, வயது வந்தவர் ஒருவருக்கு 95 டாலர், அல்லது கணக்குத் தாக்கல் செய்வதற்கான வருமான வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 1 சதவிகிதம். 2015-ல் இது 325 டாலர் அல்லது 2 சதவிகிதமாகவும், 2016-ல் 695 டாலர் அல்லது 2.5 சதவிகிதமாகவும் உயர்ந்தது. குழந்தைக்கு இதில் பாதி. ஒரு குடும்பத்துக்கு நபர்வாரித் தொகை மூன்று பெரியவர்களுக்கு உரிய அளவை மீறலாகாது. மூன்று மாதங்களுக்குக் குறைவான இடைவெளி மன்னிக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, 2016-ல் 40,000 டாலர் வருமானமுள்ள, மணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு அவருக்குரிய வரம்பு 10,350 டாலர். எஞ்சிய 29,650 டாலரில் 2.5 சதவிகிதம் 741 டாலர். இது 695-ஐ விட அதிகமாதலால் அவர் கட்டவேண்டியது 741 டாலர். இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு தம்பதியர் 70,000 டாலர் ஈட்டினால், சதவிகிதக் கணக்கில் 1,232 டாலர் வருகிறது. நபர்வாரிக் கணக்கில் 2,085 டாலர் வருகிறது. எனவே அவர்கள் 2,085 டாலர் கட்டவேண்டும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மிக எளிய தரமான வெண்கல வகைக் காப்பீட்டின் தேசிய சராசரிப் பிரீமியம் அவ்வாண்டில் ஒருவருக்கு 2,676 டாலர் என வரித் துறை கணக்கிட்டிருந்தது; தண்டத்தின் உச்ச வரம்பும் இதுவே. அதாவது, நாம் கூறிய மணமாகாத இளைஞர், தண்டமாக 741 டாலரைக் கட்டிவிட்டால் ஏறத்தாழ 1,900 டாலர் மிச்சம் பிடிக்கலாம். அவர் காப்பீடு வாங்கியிருந்தாலும், வெண்கல வகையில் முதல் சில ஆயிரம் டாலர் மருத்துவச் செலவு அவருடைய கையைத்தான் கடித்திருக்கும். நோயில்லாத இளைஞருக்கு எது இலாபம் என்பதை விளக்கவேண்டியதில்லை.

அங்கே வேலை பார்க்கும் நம் நாட்டவரையும் இது தொட்டது. எச்-1பி அனுமதியில் சென்று, வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவர் என்ற தகுதியை அடைந்தவர்கள் இக்கடமைக்கு உட்பட்டனர். வசிப்பவர் என்ற தகுதியை அடையாத அயல்நாட்டவருக்கு, பெரும்பாலான மாணவர்கள் உட்பட, விலக்கு இருந்தது.

வரியா, தண்டமா?

சட்டத்தின் வாசகம் இதனைத் தண்டம் என்றே குறிப்பிட்டது. வரி என்ற சொல்லை அரசியல்வாதிகள் விரும்பாததே காரணம் எனலாம். ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது அச்சொல்லே உயிர் காத்தது.

மக்களை ஒரு பொருளை வாங்குமாறு கட்டளையிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வி. வாதத்தின்போது நீதிபதி ஸ்கேலியா, அவ்வாறாயின் பிராக்கோலி என்ற காய்கறியை வாங்குமாறும் அரசு கட்டளையிடலாமா என்று கேட்டது நாடெங்கும் பேசப்பட்டது. 2012 ஜூன் 28-ம் தேதி அளித்த தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் இக்கட்டளை செல்லாது என்றார். ஆனால் வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் செல்லும் என்றார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது.

வரி என்று கொள்வதற்கு அவர் காட்டிய காரணங்களே இங்கு நமக்கு முக்கியம். இத்தொகையை வசூலிப்பது வரித் துறை. கட்டாதவருக்குச் சிறைத் தண்டனை இல்லை. பெரும்பாலோருக்கு இத்தொகை காப்பீட்டின் விலையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே வாங்குவதற்குப் பதில் இதைக் கட்டிவிடுவது ஒருவர் நியாயமாக எடுக்கக்கூடிய முடிவே. ஒரு கட்டளையை மீறுவதற்குரிய தண்டனை இவ்வளவு இலேசாக இராது என்பது வாதத்தின் சாரம்.

இதில் உள்ள முரண்பாடு எளிதில் புலப்படும். நீதிமன்றத்தில் தண்டத்தைக் காப்பாற்றிய அதே இலேசான தன்மை, சந்தையில் அதன் வலுவைக் குறைத்தது. போதாக்குறைக்கு, இதை வசூலிக்கச் சொத்தின் மீது பிடிப்பாணை போடவோ, சம்பளத்தை முடக்கவோ, வழக்குத் தொடரவோ கூடாது என்று சட்டமே வரித் துறையின் கையைக் கட்டியிருந்தது. திருப்பித் தரவேண்டிய வரி ஏதேனும் இருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே.

அதே தீர்ப்பு மற்றொரு விளைவையும் ஏற்படுத்திற்று. மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்று ஏழு நீதிபதிகள் கூறினர். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் மறுத்துவிட்டன. பிரீமிய மானியமோ வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்குத்தான். இதனால் அம்மாநிலங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த, குழந்தைகள் இல்லாத பெரியவர்களுக்கு மெடிக்கெய்டும் கிட்டவில்லை, மானியமும் கிட்டவில்லை. அவர்கள்மீது தண்டம் விதிப்பது கொடுமை என்பதால் விலக்கு மட்டும் அளிக்கப்பட்டது. சட்டம் யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்குக் கிடைத்தது, தண்டத்திலிருந்து விடுதலை ஒன்றே.

கட்டியவர்கள் யார்?

2015-ம் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 இலட்சம் பேர் மொத்தம் 300 கோடி டாலர் தண்டம் கட்டினர் என்று 2017 ஜனவரியில் வரித் துறை தெரிவித்தது. சராசரி 470 டாலர். அதே ஆண்டில் விலக்குக் கோரியவர்களோ 1 கோடியே 27 இலட்சம் பேர். கட்டியவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. காப்பீட்டின் விலை வருமானத்தில் சுமார் 8 சதவிகிதத்துக்கு மேல் போனால் விலக்கு; சில சமயப் பிரிவினருக்கு விலக்கு; செவ்விந்தியப் பழங்குடியினருக்கு விலக்கு; சிறையில் உள்ளோருக்கு விலக்கு; வெளியேற்றப்பட்ட வாடகைக் குடியிருப்போர், திவாலானோர் முதலியோருக்குத் துன்ப நிலை விலக்கு. இரக்கத்தின் காரணமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த விலக்குகள் சேர்ந்து சட்டத்தையே சல்லடையாக்கிவிட்டன எனலாம். ஆயினும் இவற்றுள் எதை நீக்கலாம் என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

கட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் குறைவான வருமானம் உடையவர்கள். செல்வர்களுக்கு வேலை கொடுப்போர் வழியே காப்பீடு ஏற்கெனவே இருந்தது. மிக வறியவர்களுக்கு விலக்கு இருந்தது. இடையில் நின்ற கூலித் தொழிலாளியும், சிறு கடைக்காரரும், பகுதி நேர ஊழியருமே தண்டத்தைச் சுமந்தனர். இவர்களுள் பலருக்கு மானியம் உண்டு என்பதும், அதைப் பயன்படுத்தினால் தண்டத்தைவிடக் குறைந்த செலவில் காப்பீடு பெறலாம் என்பதும் தெரியாமலே இருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஆய்வைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தண்டம் கட்டிய குடும்பங்களுக்கு, காப்பீட்டை எங்கே எவ்வாறு பெறலாம் என்று தெரிவித்து ஒரு கடிதம் அனுப்ப 2016-ம் ஆண்டின் இறுதியில் வரித் துறை முடிவு செய்தது. அத்தகைய குடும்பங்கள் 45 இலட்சம். அனைவருக்கும் அனுப்ப நிதி போதாமையால், குலுக்கல் முறையில் தேர்ந்த 39 இலட்சம் குடும்பங்களுக்கு மட்டும் கடிதம் சென்றது. ஆறு இலட்சம் குடும்பங்கள் விடுபட்டன. நிதிப் பற்றாக்குறை தற்செயலாக ஓர் அரிய சோதனையை உண்டாக்கிவிட்டது. ஜேக்கப் கோல்டின், இதாய் லூரி, ஜேனட் மெக்கப்பின் ஆகிய மூவர் பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டனர். கடிதம் பெற்றவர்களில் காப்பீட்டில் சேர்ந்தோர் அதிகம். அதைவிட வியப்பானது, 45 முதல் 64 வயது வரை உள்ளோரில், கடிதம் சென்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் குறைந்திருந்தது.

தண்டம் ஒருவரை அச்சுறுத்தி எவ்வளவு காப்பீடு வாங்கச் செய்தது என்று பொருளாதார நிபுணர்கள் பல ஆண்டுகள் விவாதித்தனர். காப்பீடு இல்லாதவர் யார், அவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்ற பட்டியலை அரசின் கையில் அது சேர்த்தது என்பதை எவரும் முதலில் கணக்கிலெடுக்கவில்லை. ஒரு தபால் உறையின் செலவு எத்தனை சிறியது! விடுபட்ட ஆறு இலட்சம் குடும்பங்களை எண்ணும்போது, சிக்கனம் என்ற சொல்லே உறுத்துகிறது.

நீக்கிய பின்

ஜனாதிபதி டிரம்ப் 2017 டிசம்பர் 22-ம் தேதி கையொப்பமிட்ட வரிச் சட்டம், தண்டத்தின் அளவை 2019 ஜனவரி முதல் பூஜ்யமாக்கிற்று. கடமை ஏட்டில் நின்றது, தொகை போயிற்று. இதற்கு முன் நவம்பரில் அமெரிக்கக் காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம், தண்டத்தை நீக்கினால் 2027-க்குள் காப்பீடு இல்லாதோர் 1 கோடியே 30 இலட்சம் பேர் கூடுவர் என்றும், தனி நபர்ப் பிரீமியம் பெரும்பாலான ஆண்டுகளில் சுமார் 10 சதவிகிதம் அதிகமாயிருக்கும் என்றும் மதிப்பிட்டிருந்தது.

நடந்தது என்ன? தேசிய நலவாழ்வு நேர்முக ஆய்வின்படி, 2010-ல் மக்களில் 16 சதவிகிதத்தினருக்குக் காப்பீடு இல்லை. 2016-ல் இது 9 சதவிகிதமாகக் குறைந்தது. 2019-ல் 10 சதவிகிதத்தைச் சற்றுத் தாண்டிற்று. ஆனால் அஞ்சிய சரிவு வரவில்லை. சட்டப்படி அமைந்த காப்பீட்டுச் சந்தையில் சேர்ந்தோர் 2016-ல் 1 கோடியே 27 இலட்சம். 2019-ல் 1 கோடியே 14 இலட்சம். 2021-ல் மானியம் உயர்த்தப்பட்டு 2025 இறுதிவரை நீடிக்கப்பட்டது. தண்டம் ஏதுமின்றியே 2025-ல் சேர்ந்தோர் தொகை 2 கோடியே 40 இலட்சத்தைத் தாண்டிற்று.

இதிலிருந்து தண்டம் பயனற்றது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். மாசாசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியா, ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் தத்தம் அளவில் தண்டத்தை வைத்துக்கொண்டன அல்லது புதிதாக விதித்தன. மானியம் தாராளமாக உள்ளபோது தண்டத்தின் தேவை குறைகிறது. மானியம் சுருங்கும்போது தேவை மீண்டும் தலைதூக்குகிறது என்பதே கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருந்தும் கருத்தாகும்.

தாமதத்தின் விலை

உலக நாடுகளைச் சுற்றிப் பார்த்தால், நோய் வரும்வரை காத்திருப்பவரிடம் ஏதேனும் ஒரு விலை வாங்காத காப்பீட்டு முறை இல்லை என்றே சொல்லலாம். அந்த விலை எந்த இடத்தில் வாங்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

சுவிட்சர்லாந்தில் 1996 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். மூன்று மாதத்துக்குள் சேராதவரை மாநில நிர்வாகமே ஒரு கம்பெனியில் சேர்த்துவிடும். தக்க காரணமின்றித் தாமதித்தவர் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டும். நெதர்லாந்தில் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சேராதவருக்கு அபராதம் விதிக்கிறார்கள். அதற்கும் அசையாதவரை அரசே ஒரு காப்பீட்டில் பதிவு செய்து பிரீமியத்தை அவர் வருமானத்தில் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் அனைவருக்கும் பொது மருத்துவக் காப்பு உண்டு. இருந்தும் உயர் வருமானத்தினர் தனியார் மருத்துவமனைக் காப்பீடு வைத்திராவிட்டால் 1997 முதல் கூடுதல் வரி கட்டுகின்றனர். தவிர, 30 வயதைத் தாண்டிச் சேருபவருக்கு ஆண்டொன்றுக்கு 2 சதவிகிதம் வீதம் பிரீமியம் ஏறும். அமெரிக்காவிலேயே முதியோருக்கான மெடிக்கேர் திட்டத்தின் மருத்துவர் கட்டணப் பகுதியில் தாமதமாகச் சேர்ந்தால், ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் 10 சதவிகிதம் பிரீமியம் கூடுகிறது. இது குறித்து அங்கே பெரிய கிளர்ச்சி எதுவும் எழுந்ததில்லை. வரிப் படிவத்தில் ஒரு வரியாக வந்தபோது மட்டும் சினம் மூண்டது.

நம் நாட்டில் இந்த விலை எங்கே வாங்கப்படுகிறது?

கட்டாயக் காப்பீடு நமக்குப் புதியதன்று. 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டப்படி, 1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. இங்கே பொறுப்பு தொழிலாளியின் மீது சுமத்தப்படவில்லை. தொகையைப் பிடித்துச் செலுத்துவது வேலை கொடுப்பவரின் கடமை. தவறினால் வட்டியும் இழப்பீடும் அவரையே சாரும். 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதமாகவும் வேலை கொடுப்பவரின் பங்கு 3.25 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டது. ஆனால் பதிவு பெற்ற நிறுவனங்களில், குறிப்பிட்ட சம்பள வரம்புக்குள் வேலை செய்வோருக்கே இது உரியது.

அடித்தட்டில் உள்ள குடும்பங்களுக்கு 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபரில், வருமானம் பாராமல் 70 வயது நிரம்பிய அனைவருக்கும் இது விரிக்கப்பட்டது. இவ்விரு திட்டங்களுக்கும் இடையே, எதிலும் சேராத சுமார் 40 கோடிப் பேர், அதாவது மக்களில் 30 சதவிகிதத்தினர், நிற்கின்றனர் என்று நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. சிறு விவசாயிகள், சொந்தத் தொழில் செய்வோர், அமைப்புசாராத் துறைத் தொழிலாளர்கள் ஆகியோர் இவர்கள். அமெரிக்கத் தண்டத்தைச் சுமந்தவர்களும் ஏறத்தாழ இதே இடைத்தட்டினரே என்பது கவனிக்கத் தக்கது.

இவர்களை வரித் தண்டத்தால் அணுக முடியுமா? 2023-24-ம் ஆண்டு வருமானத்துக்கு, 2024 ஜூலை 31 வரை வந்த கணக்குகள் சுமார் 7 கோடியே 28 இலட்சம். நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள நாட்டில், வரிப் படிவத்தின் 61-வது வரியில் கேள்வி கேட்டால், விடை கூறவேண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிவத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

வரிச் சலுகைக்கும் இதே கதிதான். மெடிக்ளெய்ம் என்ற காப்பீட்டைப் பொதுத் துறைக் கம்பெனிகள் அறிமுகம் செய்த 1986-ம் ஆண்டிலேயே, அதன் பிரீமியத்துக்கு விலக்களிக்கும் 80-டி பிரிவு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வரி கட்டுவோருக்கே அது பயன்பட்டது. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக்கப்பட்ட புதிய வரி முறையில் அச்சலுகையும் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், காப்பீடு வாங்காதவருக்கு அமெரிக்கா வரி விதித்துக்கொண்டிருந்த காலத்தில், நாம் காப்பீடு வாங்கியவருக்கு வரி விதித்துக்கொண்டிருந்தோம். தனி நபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீது 2017 ஜூலை முதல் 18 சதவிகிதச் சரக்கு மற்றும் சேவை வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22-ம் தேதிதான் அது நீக்கப்பட்டது.

அப்படியானால் தாமதத்தின் விலையை இங்கு யார் கொடுக்கிறார்? காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்தால் விடை கிடைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் குறிப்பிட்ட காலம்வரை பணம் இல்லை என்ற விதியே நம் நாட்டின் தண்டம். அக்காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பு 48 மாதங்களாக இருந்தது. 2024 ஏப்ரலில் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க இளைஞர் தண்டத்தைப் பணமாக, நலமாயிருக்கும்போதே கட்டினார். இங்கே ஐம்பது வயதில் நீரிழிவோடு சேரும் ஒருவர், பிரீமியத்தையும் கட்டிக்கொண்டு, அந்நோயின் செலவையும் மூன்று ஆண்டுகள் தாமே ஏற்று, தண்டத்தைச் செலுத்துகிறார். வரித் துறை அனுப்பியதைப் போன்ற ஒரு கடிதம், முப்பது வயதில், அவருடைய ரேஷன் கார்டு முகவரிக்குச் சென்றிருந்தால் அவர் அப்போதே சேர்ந்திருப்பாரா என்பதைச் சோதித்தறிய நமக்கு வருமான வரிப் படிவம் தேவைப்படாது.